முந்துவது குரலா, உதடா: ஒரு கட்சீன் கோளாறின் நிகழ்வு ஆய்வு

கட்சீன் என்றால் கேமின் நடுவில் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கதையைப் படம்போலக் காட்டும் இடம். அதைப் பற்றி அக்கா மகன் போனில் சொன்ன முதல் புகார் இதுதான்: "மாமா, கேம்ல கட்சீன் வந்தா வாயும் குரலும் ஒட்டவே மாட்டேங்குது. முதல்ல வாய் மூடினப்புறம் பேச்சு வருது. கடைசில பேச்சு முடிஞ்சப்புறம் வாய் ஆடுது. நடுவுல கொஞ்ச நேரம் சரியாத்தான் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். "சத்தம் லேட்டா வருது" என்று எனக்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 16 ஜிபி ராம், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், கொஞ்சம் பழையதானாலும் தெம்புள்ள கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில் (சுழலாத, வேகமான டிஸ்கில்) இருந்தது. கேம்கள் எல்லாம் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில். காதில் ப்ளூடூத் ஹெட்செட்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பையன் ஒரு பெரிய சுற்று சுற்றி முடித்திருந்தான். ஆடியோ டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். கேம் கோப்புகளைச் சரிபார்த்தான். விண்டோஸின் ஒலி மேம்பாடுகளை அணைத்தான், சரவுண்டை அணைத்தான், ஒலியின் சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை ஒலித்துண்டு என்ற எண்ணை) 44,100 ஹெர்ட்ஸிலிருந்து 48,000 ஆக்கினான், ஃப்ரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம் வரைவது என்ற எண்ணை) 30-ல் கட்டிப் பார்த்தான். "வயர் ஹெட்செட்டும் போட்டுப் பார்த்துட்டேன் மாமா, அதுல இல்ல பிரச்சினை." இத்தனை சோதனைக்கும் அவனிடம் இருந்த ஒரே பதிவு "சரியாகலை" என்ற ஒரு சொல். எவ்வளவு சரியாகவில்லை, எந்தப் பக்கம் சரியாகவில்லை என்று எங்கும் இல்லை.

இதில் 44,100 – 48,000 சமாச்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலி ஒட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். கேம் தரும் எண்ணும் விண்டோஸில் வைத்த எண்ணும் பொருந்தாமல் போனால் விண்டோஸே நடுவில் மாற்றிக் கொடுத்துவிடும். மாற்றாமல் 44,100-ஐ 48,000 ஆக ஓட்டினால் ஒலி 8.8 சதவீதம் வேகமாக ஓடும், ஆளின் குரலே கீச்சென்று மாறிவிடும். குரல் இயல்பாக இருந்து இடம் மட்டும் தவறியிருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

முதல் அளவு: மெனு

லேட் என்றால் எவ்வளவு லேட்? ஸ்டாப்வாட்சால் பிடிக்க முடியாது. காது "ஒட்டலை" என்று சொல்லும், எண் சொல்லாது. அதனால் போனை வினாடிக்கு 60 ஃப்ரேம் வீடியோவில் வைத்து, நாலு புத்தகத்தின் மேல் நிறுத்தி, ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைப் போன் மைக்கோடு ஒட்டிவைத்தோம். கேமில் மெனுவைத் திறந்து கர்சரை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினான். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு "டிக்". பிறகு அந்த வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் போட்டு, வரி ஒளிரும் ஃப்ரேமிலிருந்து ஒலி அலை எழும்பும் ஃப்ரேம் வரை எண்ணினோம்.

போனின் ஸ்லோமோஷன் இன்னும் நுணுக்கமாக இருக்குமே என்று தோன்றும். சில போன்கள் ஸ்லோமோஷனில் ஒலியையும் சேர்த்து இழுத்துவிடும், சில ஒலியைப் பதிவதே இல்லை. 60 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லி வினாடி. இந்த வேலைக்கு அது தாராளம்.

பத்து முறை எண்ணியதில் 12-க்குக் கீழே போகவில்லை, 14-ஐத் தாண்டவில்லை. நடுவாக 13 ஃப்ரேம், அதாவது 217 மில்லி வினாடி தாமதம்.

கட்சீனில் மட்டும்தான் பிரச்சினை என்றவனுக்கு மெனுவிலேயே தாமதம் இருப்பது ஆச்சரியம். விளையாட்டுக்குள் போய்த் துப்பாக்கியைச் சுடச் சொன்னேன். குழல் நுனியில் தீ தெரிந்து 13 ஃப்ரேம் கழித்துத்தான் வெடிச் சத்தம். இவ்வளவு நாளும் அவன் அதோடுதான் விளையாடியிருக்கிறான். விளையாடும் கை தாமதத்துக்குப் பழகிக்கொள்கிறது. பேசும் வாயைப் பார்க்கும் கண் அவ்வளவு லேசில் பழகுவதில்லை. கட்சீனில் கோளாறு புதிதாகப் பிறக்கவில்லை, முகம் பெரிதாகத் தெரிவதால் அங்கே மாட்டிக்கொள்கிறது.

"அப்போ இதே ஹெட்செட்ல போன்ல படம் பாக்குறப்ப சரியா இருக்கே மாமா?" நல்ல கேள்வி. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு பிறகு ஒலிக்கிறது. எஸ்.பி.சி. என்ற சாதாரணச் சுருக்கும் முறையில் இதற்கு 150 முதல் 250 மில்லி வினாடி பிடிப்பது சகஜம். படம் ஓட்டும் போனுக்கு அடுத்த காட்சி என்ன என்று முன்கூட்டியே தெரியும். அதனால் ஒலி தாமதமாகும் அளவுக்குப் படத்தையும் நிறுத்திவைத்து இரண்டையும் சேர்த்து விடுகிறது. கேமால் அது முடியாது. நீ பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த காட்சியே பிறக்கிறது. அதைக் கால் வினாடி பிடித்துவைத்தால் விளையாடவே முடியாது.

வயர் ஹெட்செட்டைச் செருகி மறுபடி மெனுவை அளந்தோம். 3 ஃப்ரேம், 50 மில்லி வினாடி. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு "முடிஞ்சுது போடா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போன். "மாமா, இப்ப இன்னும் மோசம்."

வயர் போட்டபின் ஏன் கெட்டது

அவன் சொன்னது உண்மைதான். வயரில் கட்சீனின் தொடக்கம் அழகாக ஒட்டியது. ஆனால் போகப்போகக் குரல் முந்த ஆரம்பித்து, நாலு நிமிடக் காட்சியின் கடைசியில் கிட்டத்தட்ட அரை வினாடி முன்னால் ஓடியது. ப்ளூடூத்தில் கடைசி இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. வயர் ஹெட்செட்டை அவன் முதலில் கழித்துக்கட்டியதும் இதனால்தான்.

அவன் முதல் நாள் சொன்ன மூன்று வாக்கியமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கோளாறு என்றால் தொடக்கத்தில் பிந்தி, நடுவில் ஒட்டி, கடைசியில் முந்தாது. இங்கே இருந்தது இரண்டு. ஒன்று எப்போதும் மாறாமல் குரலைப் பின்னுக்கு இழுப்பது. இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து குரலை முன்னுக்குத் தள்ளுவது. நடுவில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சரியாகத் தெரிந்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது அப்பட்டமாக வெளியே வந்து "இந்த வைத்தியம் பலிக்கவில்லை" என்று நம்பவைத்துவிடுகிறது.

குரல் முந்துவது மனிதனுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி. 1359 என்ற 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இதற்கு எண்ணே இருக்கிறது. ஒலி 125 மில்லி வினாடி வரை பிந்தினாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. முந்தினாலோ 45-லேயே தெரிந்துவிடுகிறது. 40 மீட்டர் தள்ளி ஒருவர் சுத்தியலால் அடித்தால் சத்தம் நம்மிடம் வர சுமார் 117 மில்லி வினாடி ஆகும். அடி விழுந்த பிறகு சத்தம் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சத்தம் முதலில் வந்து அப்புறம் அடி விழுவதை யாரும் எங்கும் பார்த்ததில்லை. வயரில் தொடக்கத்தில் இருந்த 50 மில்லி வினாடிப் பிந்தலை அவன் உணராததும், கடைசியில் முந்தியது பொறுக்க முடியாமல் போனதும் இதனால்தான்.

வீடியோவா, அங்கேயே வரைவதா

கட்சீனில் இரண்டு சாதி உண்டு. ஒன்று முன்பே தயாரித்து வைத்த வீடியோ, பெரும்பாலும் பிங்க் (Bink) போன்ற வீடியோ வடிவத்தில் கேம் கோப்புறைக்குள் பெரிய கோப்புகளாகக் கிடக்கும். மற்றது, விளையாட்டை வரையும் அதே எஞ்சின் அந்த நேரத்திலேயே நடிக்கவைப்பது. எதற்கு என்ன வைத்தியம் என்பது இதைப் பொறுத்தே தலைகீழாக மாறும். எங்களுக்கு இதில் அதிக வேலை இருக்கவில்லை. பையன் நாயகனுக்குத் தானே தேர்ந்து ஒரு கோமாளித் தொப்பி மாட்டியிருந்தான். கட்சீனில் அப்பா சாகக் கிடக்கிறார், மகன் கண்ணீரோடு அந்தத் தொப்பியிலேயே நிற்கிறான். முன்பே எடுத்த வீடியோவில் அந்தத் தொப்பி வர வழியில்லை.

ஓ.பி.எஸ். மென்பொருளால் அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிவுசெய்து, வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்த்தோம். பதிவு எஸ்.எஸ்.டி.யில் விழும்படி வைத்தோம், ஹார்ட் டிஸ்குக்குக் கூடுதல் சுமை கொடுக்க வேண்டாம் என்று. பதிவில் ப்ளூடூத்தின் பிந்தல் இல்லை, ஆனால் வளரும் முந்தல் அப்படியே இருந்தது. இரண்டாவது கோளாறு ஹெட்செட், மானிட்டர் எதிலும் இல்லை, உள்ளேதான்.

கோப்பையும் குரலும்

இனிக் குரலை அளக்க வேண்டும். பேச்சில் "டிக்" என்று ஒரு கூர்மையான இடம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கிடைக்கிறது. "ப"வும் "ம"வும் சொல்ல எந்த மொழியிலும் உதடு மூடித் திறந்தே ஆகவேண்டும். உதடு திறக்கும் ஃப்ரேமும் ஒலி அலை வெடிக்கும் ஃப்ரேமும் எண்ணக்கூடியவை. நாலு நிமிடக் காட்சியில் முகம் பெரிதாகத் தெரிந்து "ப" வருகிற ஆறு இடங்களைக் குறித்துக்கொண்டோம்.

வயர் ஹெட்செட்டில் முதல் இடத்தில் குரல் 3 ஃப்ரேம் பிந்தி வந்தது, மெனுவைப் போலவே. இரண்டாவது இடத்தில் 4 ஃப்ரேம் முந்தியது. அப்புறம் 9, 17, 21, கடைசியில் 27. மொத்தத்தில் 30 ஃப்ரேம் நகர்வு, அரை வினாடி. ப்ளூடூத்தின் கூடுதல் 10 ஃப்ரேம் பிந்தலை இதில் கழித்துப் பார்த்தால், மூன்றாவது இடத்தில் குரல் ஒரே ஒரு ஃப்ரேம் பிந்தியிருக்கும். அவன் "நடுவுல சரியா இருக்கு" என்று சொன்ன இடம் அதுதான்.

எனக்குப் பொறி தட்டியது அந்த எண்களால் அல்ல, ஒரு கோப்பையால். காட்சியின் கடைசி நிமிடத்தில் ஒரு கதாபாத்திரம் கோப்பையை மேசையில் "டொக்" என்று வைக்கும். சும்மா அதையும் எண்ணினேன். 3 ஃப்ரேம் பிந்தல். குரல் 27 ஃப்ரேம் முந்தி ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கோப்பைச் சத்தம் மெனு டிக்கைப் போல ஒழுங்காக வந்தது! கதவு, காலடி எல்லாமே அப்படித்தான்.

அப்படியானால் ஒலி என்ற ஒன்று தவறவில்லை. குரல் மட்டும் தனிக் கடிகாரத்தில் ஓடுகிறது. கோப்பைச் சத்தத்தை, கை மேசையைத் தொடும் அசைவே கிளப்பிவிடுகிறது, அதனால் படம் எப்போது வந்தாலும் அதுவும் கூடவே வரும். வசனமோ நாலு நிமிட நீளத்துக்கு ஒரே ஒலிப்பட்டை. காட்சி தொடங்கும்போது ஒருமுறை அவிழ்த்து விடுகிறார்கள், அப்புறம் சவுண்ட் கார்டு வினாடிக்கு 48,000 ஒலித்துண்டு என்று யாருக்கும் காத்திராமல் தின்றுகொண்டே போகும். படம் எங்காவது தடுக்கினால் அதற்குத் தெரியாது.

படம் எங்கே தடுக்கியது

அதே போன் வீடியோவை மறுபடி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினோம். கேமரா புது இடத்துக்குத் தாவும்போதெல்லாம் ஒரே படம் சில ஃப்ரேம் உறைந்து நின்றது. நாலு நிமிடத்தில் அப்படி ஐந்து இடம். 9, 7, 10, 6, 8 ஃப்ரேம் உறைவுகள். இவற்றுக்கு முன்னும் பின்னும் குரல் நகர்ந்த அளவு 7, 5, 8, 4, 6.

ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு குறைவு. இதைப் பார்த்தபோது பையன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

கேம் எஞ்சின்கள் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று பார்த்து, அந்த அளவுக்கு உலகத்தை நகர்த்தும். கம்ப்யூட்டர் திடீரென்று இரண்டு வினாடி திணறினால் ஓடும் ஆள் ஒரே தாவலில் இரண்டு வினாடி தூரத்தைக் கடந்து சுவருக்குள் புகுந்துவிடுவான். அதைத் தடுக்க, "எவ்வளவு திணறினாலும் ஒரு தாவலில் இதற்கு மேல் நகராதே" என்று ஓர் உச்சவரம்பு வைப்பது எஞ்சின் எழுதுபவர்களின் வழக்கம். இந்த கேமில் அது 33 மில்லி வினாடி, அதாவது எங்கள் கணக்கில் இரண்டு ஃப்ரேம். 9 ஃப்ரேம் உறைந்தால் படம் 2 மட்டும் முன்னேறும், குரல் 9-ஐயும் முடித்துவிடும். மிச்சம் 7 நிரந்தரக் கடன். காட்சி முடியும்வரை யாரும் அடைப்பதில்லை.

கேமின் நிரலை நான் பார்த்ததில்லை. அதனால் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தோம். அதே ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுக் காட்சியை ஓட்டினோம். ஒரு இடத்தில் படம் 41 ஃப்ரேம் உறைந்தது. அதற்குப் பிறகு குரல் நகர்ந்தது 39. எனக்கு அது போதும்.

முன்பு 30-ல் கட்டிப் பார்த்தும் சரியாகாததற்கும் இதிலேயே விடை இருந்தது. வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 33.3 மில்லி வினாடி, சரியாக வரம்பின் விளிம்பில். ஒரு ஃப்ரேம் மயிரிழை நீண்டாலும் அந்த மயிரிழை தொலைந்துபோகும். குறைந்தால் திரும்பக் கிடைக்காது. நாலு நிமிடத்தில் 7,200 ஃப்ரேம். சராசரியாக 0.1 மில்லி வினாடி தொலைந்தாலே 720 மில்லி வினாடி ஆகிவிடும். கட்சீன் ஒட்டவில்லை என்றால் 30-ல் கட்டு என்பது சில கேம்களில் நல்ல வைத்தியம்தான். இதில் விஷம்.

சரிசெய்தது

உறைவு எல்லாம் புது இடத்துக்குத் தாவும்போது வந்ததால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) தரத்தை ஒரு படி குறைத்ததில் மொத்த நகர்வு 30-லிருந்து 16 ஆனது. ஒருமுறை ஓட்டிய காட்சியை உடனே மறுபடி ஓட்டினால் 11 ஆனது. படித்த கோப்புகளை விண்டோஸ் ராமில் வைத்திருப்பதால் இரண்டாம் முறை டிஸ்கைத் தொடத் தேவை குறைகிறது. இது ஒரு பொல்லாத விஷயம். எதையாவது மாற்றிவிட்டு உடனே ஓட்டிப் பார்த்தால், மாற்றியது பலித்ததுபோலவே தெரியும். பையன் இரண்டு முறை "கண்டுபிடிச்சுட்டேன் மாமா" என்று கூப்பிட்டதும், மறுநாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டதும் இதனால்தான். அதன் பிறகு ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தோம். சலிப்பான வேலை. ஆனால் அதைச் செய்யாமல் எடுத்த எண்களை எல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

எஸ்.எஸ்.டி.யில் அவன் தொடாமலே வைத்திருந்த இன்னொரு கேமை ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, இதை அங்கே ஏற்றினோம். ரீஸ்டார்ட். வயர் ஹெட்செட். டெக்ஸ்சர் பழையபடி உச்சத்தில். ஐந்து தாவலில் நாலு இடத்தில் உறைவு இரண்டு ஃப்ரேமைத் தாண்டவில்லை, ஆகவே எதுவும் தொலையவில்லை. ஒரு இடத்தில் மட்டும் 4. தொடக்கத்தில் 3 ஃப்ரேம் பிந்திய குரல் கடைசியில் ஒரு ஃப்ரேம் பிந்தலில் வந்து நின்றது.

ப்ளூடூத் ஹெட்செட்டை அவன் விடவில்லை. சும்மா சுற்றித் திரிந்து விளையாடும்போது அது, கதை வரும்போது வயர்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "மாமா, ஒரு சீன்ல இன்னும் ஒட்டலை." போனேன், போன் கேமராவை நிறுத்திவைத்தோம், எண்ணினோம். கோப்பை, கதவு எல்லாம் 3. உறைவு எதுவும் இல்லை. "ப" வரும் இடத்தில் மட்டும் உதடு திறந்தே இருந்தது, "ஆ" வரும் இடத்தில் மூடிக்கிடந்தது. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் குரல் மொழியை அவன் வேறொன்றுக்கு மாற்றி வைத்திருந்தான். உதட்டை வேறு மொழிக்கு அசைத்திருக்கிறார்கள்.

"இதுக்கு என்ன மாமா பண்றது?"

"சப்டைட்டிலைப் படிடா."